கடைசி ஆளுக்குப் பின்னால்

செவில்லில் கிளம்பியபோது பன்னிரண்டு சைக்கிள்.
முன்னால் சபேலா, கழுத்தில் விசில்.
நான் கடைசி.
கடைசி ஆளை எக்காரணம் கொண்டும் முந்தக் கூடாது,
சம்பளம் அதற்குத்தான்.

வடக்கே சந்தியாகோவுக்கு ஆயிரம் கிலோமீட்டர்.
இது எனக்குப் பதினேழாவது தடவை.
மஞ்சள் அம்புக்குறிகளை விட
முதுகுகளைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.
வியர்வை எங்கே முதலில் பூக்கும்,
எந்த மேட்டில் எந்தத் தோள் சரியும்,
அழுகிறவர் முதுகு
ஏன் அவ்வளவு நேராக நிற்கும் என்பதெல்லாம்.

இந்தத் தடவை கடைசி ஆள் எதுர்னே.
பில்பாவோவில் வரி ஆய்வாளர்.
வாடகை சைக்கிளின் சீட்டை
முதல் நாளே பாஸ்க் மொழியில் திட்டியவர்.
கார்க் ஓக் மரம் கண்ட இடமெல்லாம் இறங்குவார்.
கருப்புப் பன்றிகள் தலை தூக்கிப் பார்க்கும்.
பையிலிருந்து உலர்ந்த அத்திப்பழம்
அவருக்கு இரண்டு, எனக்கு ஒன்று.

ஐந்தாம் நாள் காபர்ராவில்
ஊர் செத்து வளைவு மட்டும் மிஞ்சிய இடம்.
ரோமானியர் நிழலில் குந்தியிருந்தவரிடம்
எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டேன்:
"எதற்காக வந்தீர்கள்?"

மகனைப் பறிகொடுத்தவர் சொல்லியிருக்கிறார் இதற்கு.
குடியை விட்டவர்,
தம்பியோடு இருபது வருடம் பேசாதவர்,
கருப்பைக் கட்டி கரைந்தால் வருவதாக
நேர்ந்துகொண்டவர்.

எதுர்னே அத்தி விதையைத் துப்பினார்.
"விடுப்பு மிச்சம் இருந்தது.
டிசம்பருக்குள் எடுக்காவிட்டால் போய்விடும்."

அவ்வளவுதானா?

"முழங்கால் வலிக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

நான் நம்பவில்லை.
சமோராவில் காத்திருந்தேன். வரவில்லை துயரம்.
பதோர்னேலோ கணவாயில் மழை
சாய்ந்து சாய்ந்து அறைந்தது.
லாரிகள் சேற்றை வாரி இறைத்தன.
செயின் கழன்றது.
இதோ, இப்போது உடைவார் என்று இறங்கி ஓடினேன்.
தானே மாட்டிக்கொண்டு
கரி விரலை என் மழைக்கோட்டில் துடைத்தார்.
சிரிப்பு வேறு.

ஒரென்ஸேயில் வெந்நீர் ஊற்று.
பதினொரு ஜோடிக் கால்கள் ஆவிக்குள்.
"உங்கள் கையேட்டில் எத்தனை முத்திரை?" என்றார்.
என்னிடம் கையேடு இல்லை.
வேலைக்கு வருகிறவனுக்கு எதற்கு?
எதுர்னேயின் முகம் அலுவலக முகமானது.
"பதினேழு பயணம். ஒரு ரசீதுகூட இல்லை."

விடுதி மேசையில் இருந்த முத்திரையை எடுத்து
என் பஞ்சர் டப்பா மூடியில் குத்தினார்.
"சைக்கிளுக்கு இருநூறு கிலோமீட்டர் வேண்டும்,
இங்கிருந்து நூறுதான் மிச்சம்.
சட்டப்படி செல்லாது."
மறுபடி இன்னொன்று குத்தினார்.
அதன் பிறகு காபிக்கடை, பெட்ரோல் பங்க்,
ஒரு கால்நடை மருத்துவர்கூட.
மூடி நிறைந்து பக்கவாட்டுக்கு இறங்கியது நீல மை.

அங்க்ரோயிஸ் மேட்டில் கோபுரங்கள் தெரிந்ததும்
மற்றவர்கள் கூவிக்கொண்டு பாய்ந்தார்கள்.
எதுர்னே பிரேக் பிடித்தார்.
"முன்னால் போங்கள்."
முடியாது என்றேன்.
"எனக்கு இன்னும் இரண்டு நாள் விடுப்பு இருக்கிறது"
என்று மதில்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கீழே விசில்.
மறுபடி விசில்.
துணி காயப்போட வந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டு
உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கடைசியில் தள்ளிக்கொண்டுதான் இறங்கினோம்,
பக்கத்தில் பக்கத்தில்.
சந்து குறுகல்.
ஹேண்டில்பார்கள் இடித்துக்கொண்டே வந்தன.

அவர்கள் தேவாலயத்துக்குள் போனார்கள்.
ஐந்து மணிக்குள் பெட்டி கட்டியாக வேண்டும் எனக்கு.
கல்தரையில் ஸ்பேனரோடு மண்டியிட்டேன்.
எஸ்திரெமாதூராவின் செம்மண்
கட்டி கட்டியாய் உதிர்ந்தது, பெருக்குகிறவன் முறைத்தான்.

எதுர்னேயின் சைக்கிளை முதலில் எடுத்தேன்.
இடது பெடல் மட்டும்
எதிர்த் திசையில் கழலும்.
பதினேழு தடவைக்குப் பிறகும்
முதலில் அதை இறுக்கித்தான் தொலைக்கிறேன்.