இன்னொரு சுற்று

நாற்பத்தொன்பது வயதில் கேள்வி கேட்பது
கோட்டுப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டதுபோல.
என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிகிறது.

ஒஸ்ட்ராவாவில் டிராம் ஓட்டுகிறேன்.
செவ்வாய் மாலைகளில்
பங்கு வீட்டுச் சமையலறையில் ஞானோபதேசம்.
நாங்கள் மூவர்:
கல்யாணத்துக்காக வந்த பல்செட்டுக்காரர் போரிவோய்,
எதற்கு வந்தாள் என்று சொல்லாத ஒரு நர்ஸ்,
நான்.
பாடம் நடத்தும் ஃபாதர் வொய்த்தியெக்
என் மகனைவிட இரண்டு வயது சின்னவர்.
எப்போதும் மூக்கடைப்பு,
தேநீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை.

கேள்விகளைப் பணிச்சீட்டின் பின்பக்கம் எழுதினேன்.
பெரியவை இந்தப் பக்கம், சின்னவை அந்தப் பக்கம்.
எது பெரியது என்று யோசித்ததிலேயே
மூன்று சிவப்பு விளக்கு போயிற்று.

பெரியவற்றுக்கு அலமாரி நிறையப் பதில்.
மூவொரு கடவுளுக்கு நான்கு விளக்கம் வைத்திருந்தார்,
நான்கையும் வரிசையாகக் கொடுத்துவிட்டு
"அப்படியும் சொல்லிவிட முடியாது" என்று
நான்கையும் திரும்ப வாங்கிக்கொண்டார்.
சின்னவற்றுக்குத்தான் வாய் வரவில்லை.
அப்பத்தை மெல்லலாமா,
தானாகக் கரைய விடவேண்டுமா?
நான் பக்கம் தேடி முடிப்பதற்குள்
பாட்டு முடிந்துவிடுகிறதே,
அது எந்தக் கணக்கில் சேரும்?

எந்தப் பக்கத்திலும் எழுதாதது ஒன்று உண்டு.
அப்பா.
ஊதுலையில் முப்பத்தொரு வருடம்.
"மேலே புகைதான் இருக்கு.
எனக்குத் தெரியாதா, நான்தானே அனுப்பினேன்"
என்று சிரிப்பார். சிரிப்பு இருமலில் முடியும்.
ஒருநாள்
இருமல் முடியாமல் அவர் முடிந்துபோனார்.
கோயில் மணி இல்லை, ஜெபம் இல்லை,
எரியூட்டு மண்டபத்தில்
ஒலிநாடாவில் ஏதோ வயலின்.
அவர் இப்போது எங்கே?

மார்ச் முதல் செவ்வாய், கேட்டேவிட்டேன்.
வொய்த்தியெக் ஸ்பூனைச் சுற்றிக்கொண்டே இருந்தார்,
சர்க்கரை எப்போதோ கரைந்திருந்தது.
"கடவுளின் இரக்கத்திடம் விட்டுவிடுவோம்."
நல்ல பதில்.
தொலைந்த பொருள் பிரிவில்
நாங்களும் இதே குரலில்தான் சொல்வோம்:
பதிவு பண்ணியாச்சு, கிடைத்தால் கூப்பிடுகிறோம்.

அந்த வெள்ளி எனக்கு இரவுப் பணி.
மைனஸ் பதினொன்று. தண்டவாளம் கண்ணாடி.
ஒவ்வொரு பிரேக்குக்கும்
சக்கரத்தடியில் மணல் தூவிக்கொண்டே போனேன்.
கடைசி நிறுத்தத்தில்
வண்டி முழுக்க நடந்து பார்க்கவேண்டும், விதி.
இரண்டாம் பெட்டியில் ஒருவர்:
ஒற்றைக் கையுறை, பிராந்தி வாடை,
ஜன்னலில் ஒட்டிய கன்னம்.
எழுப்பி இறக்கிவிடவேண்டும், அதுவும் விதி.
"ஐயா" என்றேன்.
கண் திறக்காமலே என்னை ஒரு வார்த்தை சொன்னார்.
அப்பா தன் மேஸ்திரியைச் சொல்வது
அதே வார்த்தை.

திரும்பி வந்தேன்.
சூட்டை ஒரு புள்ளி கூட்டினேன்.
சுழல்தடத்தில் வண்டி முனகியபடி வளைந்தது.
இரண்டாம் சுற்றில், ஆற்றுப் பாலத்தின் மேல்,
பெடலில் கால் திடீரென்று கனத்தது.

தலையில் இன்னும் தண்ணீர் படாதவள்.
விசுவாசப் பிரமாணம் பாதிதான் மனப்பாடம்.
நானே இறக்கிவிடவில்லை.
நானே.

மூன்று சுற்று.
பேக்கரி விளக்கு எரிந்ததும்
தானாக எழுந்து இறங்கிப் போனார்,
கையுறையை விட்டுவிட்டு.

வகுப்பில் இதைச் சொல்லவில்லை.
தெரிந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

பாஸ்கா இரவு. மூன்று முறை தண்ணீர்,
கழுத்து வழியாக உள்சட்டை வரை குளிர்.
பிறகு வரிசையில் நின்று வாங்கியது
காகிதம்போல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
விழித்துக்கொண்டு நின்றேன்.
பக்கத்து பெஞ்சு க்வெதூஷே,
வரி அலுவலகக் கணக்காளர்,
அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர்,
காதருகே குனிந்தார்:
"மெல்லுங்க. சாப்பிடத்தானே தந்தது."

மென்றேன்.

நாலு நாற்பதுக்கு முதல் வண்டி என்னுடையது.
போய் மணல் தொட்டி நிரப்பவேண்டும்.