வெறுந்தொட்டி

உச்சிப்புளிக்கு மேற்கே
சோலார் தகடு பதிக்கவென்று
பொக்லைன் கருவங்காட்டைப் பிரட்டிய வாரம்,
மண்மேட்டில் கிடந்தது இந்தக் கிழங்கு.
கலப்பை மாதிரி இரண்டு கை.
ஒரு கையின் நுனி ஒடிந்து மாவு காய்ந்திருந்தது.
மற்ற நுனியில் அரிசி அளவுக்கு ஒரு முளை.
காந்தளுக்கு உயிர் அங்கேதான்.
நடுவில் எவ்வளவு சதை இருந்தாலும்
அது சாப்பாடு, அவ்வளவுதான்.

பாசிக் குடோனில் எடை போடுகிறவள் நான்.
எது கைக்கு வந்தாலும் வாய் கிராம் சொல்லிவிடும்.
நூற்றிப் பத்து, என்றேன் யாருமில்லாத காட்டில்.

பாதித் தொட்டிக்குப் பனங்காட்டு மணல்,
மீதிக்கு ஆட்டுப் புழுக்கையும் கழிவுப் பாசியும்.
பாசியை அப்படியே போட்டால் உப்பு வேரைத் தின்னும்,
இரண்டு மழையாவது அதன்மேல் பெய்திருக்க வேண்டும்.
மழைக்கு எங்கே போவது?
போன கார்த்திகையில் நனைந்து வீணானதென்று
முதலாளி தள்ளிவைத்த மூட்டை ஒன்று
குடோனுக்குப் பின்னால் கிடந்தது. கேட்டு எடுத்தேன்.
கிழங்கைப் படுக்கவைத்தேன், நாலு விரல் ஆழத்தில்.
நிற்கவைத்தால் அதற்குப் பிடிக்காது.

பள்ளிப் புத்தகத்தில் சித்திரைதான் இளவேனில்.
இங்கே சித்திரையில்
கொடியில் காயும் பாவாடைக்குள் கச்சான்காற்று புகுந்து
பக்கத்துத் தெருவில் கொண்டுபோய்ப் போடும்.
கிணறு கைக்கும்.
எங்கள் வசந்தம்
ஐப்பசியில், வாடை திரும்பி,
வள்ளங்கள் கரையேறிய பிறகு
இடியோடு வரும்.
அதுவரை மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் இருப்பதற்குப் பெயர்தான்
தோட்டவேலை.

ஆவணியில் வீட்டுக்காரர் வாடகையில் ஐநூறு ஏற்றினார்.
மண்டபத்தில் ஒரு வீடு கிடைத்தது,
ரயில் சத்தத்துக்காக மலிவு.
நம்புவேலின் லோடு ஆட்டோவில்
கட்டில், பீரோ, அண்டா, தையல் மிஷின்.
தொட்டியைத் தூக்கியவர் எட்டிப் பார்த்தார்:
“வெறும் மண்ணுக்கா இம்புட்டுக் கனம்?
அங்க மண்ணே இல்லாத ஊரா?”
ஒன்றும் சொல்லவில்லை.
இருக்கிறது என்று நானே சத்தியம் செய்ய முடியாத ஒன்றை
என்னவென்று சொல்ல?
மரைக்காயர்பட்டினம் தாண்டும்வரை
மடியில் வைத்துக்கொண்டேன்.
தொடை இரண்டும் மரத்துப்போயின.

ஐப்பசி ஒன்பது. முதல் மழை.
பதினான்காம் நாள்
நான் புதைத்த இடத்தில் ஒன்றுமில்லை.
ஒரு சாண் தள்ளி, தொட்டியின் ஓரத்தில்
பச்சைப் பென்சில் ஒன்று
மண்ணைக் குத்திக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து கேட்டாள்,
“அழகு சரி. என் கிடாய் வாய் வச்சா?”
நியாயமான கேள்வி.
வேர் முதல் விதை வரை விஷம்.
கிழிந்த நண்டுவலை ஒன்றை வாங்கிவந்து
தொட்டியைச் சுற்றிக் கட்டினோம், அவள் ஒரு முனை, நான் ஒரு முனை.
ஆட்டுக்காகக் கட்டிய வலையைக்
கொடி தனக்கென்று எடுத்துக்கொண்டது.
கொடிக்கை என்று தனியாக இல்லை அதற்கு,
இலையின் நுனியே சுருண்டு
கண்ணி கண்ணியாகப் பிடித்து ஏறியது.

கார்த்திகை பிறந்த மறுநாள்
தலைகீழாகத் தொங்கியபடி ஒரு பூ,
இதழ்கள் மட்டும் மேலே திரும்பி.
காலையில் ஓரம் மஞ்சள்.
நான் எடை போட்டுத் திரும்புவதற்குள்
மஞ்சள் பின்வாங்கியிருந்தது.
நாலாம் நாள் முழுச் சிவப்பு.

அதே ஆட்டோவில் இப்போது தண்ணீர் விற்கிறார் நம்புவேல்.
குடத்தை இறக்கிவைத்துவிட்டு வலையருகில் போனார்.
தொட்டியைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். மறுபடி தொட்டியை.
“அன்னைக்கு உள்ளே ஆள் இருந்துச்சா?
அப்ப ஒரு டிக்கெட் பாக்கி.”
பத்து ரூபாய் வாங்காமல் நகரவில்லை.

தையில் இலை மஞ்சளாகி
தண்டு நூல்போல் காய்ந்து விழுந்தது.
வலை இருக்கிறது. தொட்டி மறுபடி வெறுந்தொட்டி.
இனிச் சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது, கிழங்கு அழுகும்.
குடம் பதினைந்து ரூபாய் விற்கும் ஊரில்
அது ஒரு நல்ல குணம்.