ஊதா விளக்கு

கப்பித்தான் பள்ளியில் அஸர் பாங்கு ஓய்ந்த நேரம்.
உல்லாசக் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்
என் நாணயமாற்றுக் கூண்டுக்குள்
நூறு யூரோவை நீட்டினார்.
ஊதா விளக்கில் பிடித்தேன்.
முகம் சுண்டிவிட்டது அவருக்கு.
"என்மேல் சந்தேகமா?"
"எல்லாருடையதையும் பார்ப்பது வழக்கம் ஐயா."

சொன்ன பிறகுதான் நாக்கு கசந்தது.
ஜுவைரியாவிடமும் இதையேதான் சொன்னார்களாம்,
ஹாம்பர்க் விமான நிலையத்தில்.
நாற்பது பேர் நின்ற வரிசையில்
என் தங்கச்சி ஒருத்திதான்
எல்லாரும்.

முக்காட்டின் மடிப்பெல்லாம் தடவிப் பார்த்தார்கள்.
பிள்ளையின் பால்புட்டியைத் திறந்து முகர்ந்தார்கள்.
அத்தாவுக்கு எந்த ஊர்? அவருடைய அத்தாவுக்கு?
கீழக்கரையை எழுத்துக்கூட்டி முடிக்கவே
கால் மணி நேரம்.
விமானம் போய்விட்டது.

நோட்டு நல்ல நோட்டு.
ரிங்கிட்டை எண்ணிக் கொடுத்தேன்.
அவர் இரண்டு தரம் எண்ணிக்கொண்டார்.
எண்ணட்டும்.

நேற்று ராத்திரி போனில் சிரித்தாள்:
"இங்கே மூணு நாளா மழை காக்கா.
ஊரே தலையை மூடிக்கிட்டுப் போகுது.
பஸ்ல என் பக்கத்து சீட்டுல
ஒரு அம்மா வந்து உக்காந்தாங்க."