காரணம்: ஒரு வரி

படிவத்தில் 'காரணம்' என்பதற்கு
ஒரே ஒரு வரிதான் விட்டிருக்கிறீர்கள், டாக்டர்.

புரட்டாசி என்று எழுதவா?
சாட்ஸ்வொர்த்தே விரதம் முடித்து
மீன் வாங்கப் போன பிறகும்
கோகிலவாணி முடிக்கவில்லை.
"என்ன பக்தி!" என்றார்கள் கோயிலில்.
நானும் பூரித்தேன்.

அதற்கு முன்னால்
ரவிக்கைக்கு அளவெடுத்தவள்
நாடாவை இழுத்துப் பிடித்துச் சிரித்தாளே, அதுவா?
என் தங்கை ருக்குமணியும்
பதினாறு வயதில் இப்படித்தான்.
பிடிவாதம் என்றோம் அதை.

தையல் ஆலை மூடிய வருஷம்
இருந்த ரொட்டியைப் பிள்ளைகளுக்குப் பிய்த்து வைத்துவிட்டு
"நான் அப்பவே சாப்பிட்டேன்" என்பேன்.
இவளுக்கு அப்போது ஆறு வயது.
கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.
நேற்று ராத்திரி
அதே குரலில், அதே வேகத்தில் எனக்குச் சொன்னாள்.

மை காய்கிறது.
பின்பக்கத்திலும் எழுதலாமா?