நட்சத்திரமிட்ட கட்டங்கள்

வடாலாவிலிருந்து ஹார்பர் வண்டி. பெண்கள் பெட்டி.
பக்கத்தில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவள்
எட்டிப் பார்த்துவிடாதபடி
துப்பட்டாவால் போனை மூடிக்கொண்டு
மருத்துவக் காப்பீடு தேடினேன்.

ஒப்பிட்டுப் பார்க்க மூன்று கடைகள்.
மூன்றும் கேட்டன: குடும்பப் பெயர்.
ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம்,
நிரப்பாமல் நகரவிடாது.
பெண் பார்த்த நாளுக்குப் பிறகு
கட்டமும் நட்சத்திரமும் வைத்து
என்னை இவ்வளவு விசாரித்தவர் இல்லை.

எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்?
ஏ. பூங்கோதை. அவ்வளவுதான்.
ஒன்றில் அப்பாவை இழுத்தேன்: ஏகாம்பரம்.
இன்னொன்றில் வீட்டுக்காரர்: தணிகைவேல்.
மூன்றாவதில், குர்லா நெருங்கிக் கூட்டம் இடிக்க,
பிறந்த ஊரையே போட்டேன்: பேரணாம்பட்டு.

ரத்தக் குழாயில் பெயர் ஒட்டுவது என் வேலை.
சீட்டு மாறினால் ஒருவர் சர்க்கரை
இன்னொருவர் உடம்புக்குப் போய்விடும்.
அந்தப் புத்திதான் இதுவும்:
எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்களோ
அந்தக் கடை என்னை விற்றது.
கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது கடை மட்டும் பான் எண் கேட்டது.
கொடுத்தேன்.
பிறந்த தேதி. கொடுத்தேன்.
கட்டி, வீக்கம் ஏதும் உண்டா?
இடது மார்பு. சுண்டைக்காய் அளவு.
வாயால் எவரிடமும் சொல்லாததைக்
கட்டைவிரலால் சொன்னேன்.

செம்பூரில் கால் வைக்கும்போதே மணி அடித்தது.
'பெர்நாம்பட் ஜி?'
சாயங்காலத்துக்குள் பதினேழு.
பதினெட்டாவது வந்தபோது
நான் குளித்துக்கொண்டிருந்தேன்.
அவர் எடுத்தார்.

தலையில் துண்டோடு வெளியே வந்தால்
டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிறார்:
யாரது பெர்நாம்பட்?
அந்தம்மாவுக்கு மார்பில் கட்டியாமே,
அதையும் சேர்த்துப் பாலிசி தருகிறார்களாமே?
சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
என் ஊர் என்பது
அரை நிமிடம் கழித்து உறைத்தது.
குக்கர் கத்திக்கொண்டே இருந்தது.
யாரும் எழுந்து போகவில்லை.

ஊசி வைத்துப் பார்த்தார்கள்.
இப்போதைக்குப் பயமில்லை,
ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர்.
நான் ஒட்டாத சீட்டு என்பதால்
தாளில் என் பெயரை இரண்டு முறை படித்தேன்.

நாலாம் மாதம் ஒரு வசூல்காரன்.
கல்யாணில் எடுத்த கறுப்பு ஸ்கூட்டருக்கு
இரண்டு தவணை பாக்கி,
பூங்கோதை பேரணாம்பட்டு.
ஆக, எந்தக் கடை என்று தெரிந்துவிட்டது.
தெரிந்து என்ன.

சைபர் போலீஸில் கேட்டார்கள்,
நீங்கள்தான் அவர் என்பதற்கு ஆதாரம்?
அந்தப் பெயரில் என்னிடம் ஒரு அட்டையும் கிடையாது.
அவளிடம் இருந்தது.
நகலைத் திருப்பிக் காட்டினார்கள்:
ஜிமிக்கி, எண்ணெய் வைத்து வாரிய தலை,
என் வயதை விடப் பத்தாவது குறைவு.
யாருடைய முகத்தை யார் ஒட்டினார்களோ.
என்னுடைய நகலின் குறுக்கே கோடிழுத்து
'இந்தப் புகாருக்கு மட்டும்' என்று எழுதி,
தேதி போட்டுக் கொடுத்தேன்.
நாற்பத்தொரு வயதில் முதல்முறை.

எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது.
கல்யாண் பாலத்தில் இந்நேரம்
மழைக்கோட்டு போட்டுப் போய்க்கொண்டிருப்பாள்,
உச்சரிக்க வராத என் ஊரையும்
என் பான் எண்ணையும் பின்சீட்டில் வைத்து.

இவ்வளவு எடுத்தவள்.

தினம் குளிக்கும்போது
சோப்பு நுரைக்குள் விரலால் தேடுகிறேன்.
இருக்கிறது.
அதை மட்டும்
எனக்கென்று விட்டுப்போயிருக்கிறாள்.