சராசரி

பின் சீட்டில் பதினோரு பெட்டிகள்,
ஒவ்வொன்றிலும் ஒருவருடைய சிரிப்பு.
பல்செட் செய்பவர் ட்ரெலெவ் நகரத்து டாக்டர்,
கொண்டுபோய்ச் சேர்ப்பவள் நான்.
பாசோ தே இந்தியோஸ் வரை முந்நூற்று எழுபது கிலோமீட்டர்.
வழியில் பெட்ரோல் பங்க் இரண்டு,
அவற்றில் ஒன்றை நம்பலாம்.

விடியுமுன் கிளம்பிவிடுவேன்.
படகோனியாக் காற்று கண்விழிப்பதற்குள்
பாதித் தூரம் தாண்டியிருக்க வேண்டும்.
மேற்கே போகையில் அது எதிராளி,
திரும்பி வருகையில் சம்பளம் கேட்காத கூலியாள்.

நின்ற இடத்திலேயே எஞ்சினைச் சூடாக்குவதில்லை.
சாவியைத் திருப்பி மெல்ல நகர்ந்தால்
பேக்கரி முனை தாண்டும்போது
தானாகச் சூடேறிக்கொள்ளும்,
என்னைப் போல.

டயரில் முப்பத்திரண்டு, குளிர் நாளில் மறுபடி பார்த்து.
டிக்கியில் வேண்டாதது எதுவும் இல்லை.
உபால்டோவின் தூண்டில் பெட்டி போயிற்று.
அவன் அண்ணனின் இரும்புச் சங்கிலி போயிற்று.
கூரைமேல் இருந்த கேரியரை
அவனே கழற்றிக்கொண்டான், பிரியும்போது.
அந்த வாரமே லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடியது.
காரணம் கேரியர் மட்டும்தான் என்று
நோட்டில் எழுதியிருக்கிறேன்.

காலுக்கும் ஆக்சிலரேட்டருக்கும் நடுவே
இன்னும் இறுகாத மாவு அச்சு ஒன்று இருக்கிறது,
தோன் எவரிஸ்தோ நாவெல்கீரின் மேல்தாடை.
அமுக்கினால் மனிதர் சாகும்வரை
கோணல் வாயால் ஆட்டுக்கறி தின்பார்.
இப்படி நினைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.

எண்பது. ஐந்தாவது கியர். ஜன்னல் மூடியபடி.
மேட்டின் உச்சி தெரிந்ததும்
காலைத் தளர்த்திவிடுவேன்,
மிச்சத்தை வந்த வேகமே ஏறிக்கொள்ளும்.
குவனாக்கோக் கூட்டம் தூரத்தில் தெரியும்போதே
பிரேக்கைத் தொடாமல் தணிந்துவிடுவேன்.
பிரேக் என்பது
எரித்த பெட்ரோலை மறுபடி எரிப்பது.

லாரி முதுகில் ஒட்டிக்கொண்டால் காற்று படாது என்பான் உபால்டோ.
ஒட்டினான்.
தெறித்த கல்லுக்குப் பின் புதுக் கண்ணாடிக்கு ஆன செலவும்
நோட்டில் இருக்கிறது.

இறக்கம் வந்தால் நியூட்ரலில் தள்ளுவான்.
அது அவன் அப்பாவின் கார்புரேட்டர் காலத்துக் கணக்கு.
இந்த ஃபியட் ஊனோ அப்படியல்ல.
கியரில் விட்டுக் காலை எடுத்தால்
சொட்டுக்கூடக் குடிக்காமல் இறங்கும்.
நியூட்ரலில் போட்டால்
உயிரோடிருக்கவே கொஞ்சம் குடிக்கும்.
இதைச் சொல்ல எனக்கு ஒன்பது வருடம் இருந்தது,
கேட்க அவனுக்கு ஒரு இறக்கம்கூட வாய்க்கவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
இங்கே ஓடுவது ஒரே ஆறு,
மிச்சமெல்லாம் காற்று.
நான் காற்றில் போடுவதை அளக்கிறேன்.
ஜூலை: பதினெட்டு புள்ளி நான்கு.

ஆகஸ்டில் டேங்கர்காரர்கள் வேலைநிறுத்தம்.
மிஃபான்வி ராபர்ட்ஸுக்குக் கீழ்வரிசையைப் பொருத்திப் பார்த்துவிட்டு
(ஆப்பிளைக் கடித்துக் காட்டினாள், எண்பத்தொரு வயது)
காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு
வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.
லோஸ் அல்தாரெஸில் பம்ப்புக்குத் துணி சுற்றியிருந்தது.
வரிசையில் பதினாறு வண்டிகள்.
ஏழாவதாக அவனுடைய ரெனோ,
தலையில் அதே கேரியர்,
ஒன்றும் ஏற்றாமல்,
காற்றில் விசிலடித்தபடி.

என் முள் பாதிக்கு மேல்.
நிற்காமல் போயிருக்கலாம்.
இருநூறு மீட்டர் போகவும் செய்தேன்.
பிறகு பிரேக் போட்டேன்,
முழுதாக, அழுத்தி,
எல்லா மாவு அச்சும் நொறுங்கும்படி.

குழாய் அவனிடம் இருந்தது, கேன் என்னிடம்.
அவன் உறிஞ்சித் துப்பினான்.
எட்டு லிட்டர்.
"லாஸ் ப்லூமாஸ் வரை வருமா?" என்றான்.
"நீ ஓட்டினால் வராது," என்றேன்.
சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை,
எப்போது விழுந்தது என்று கேட்கவில்லை.
"இறக்கத்தில் கியரில் விடு," என்றேன்.
தலையாட்டினான்.
ஆட்டுவான்.

ஆகஸ்ட்: பதினாறு புள்ளி ஒன்று.
எதிரே காரணம் எழுதும் கட்டம் இருக்கிறது.
எதிர்க்காற்று என்று போட்டேன்.
அடித்தேன்.
காலியாக விட்டிருக்கிறேன்.