ஏழு சுற்று

ஃபெர்மின்,
படகுக் கயிறு உன் இடது கட்டைவிரலை முறித்த அன்று
துறையில் நின்ற எல்லோரும் படகைப் பற்றியே பேசினார்கள்.
நான் தொப்பியை நினைத்தேன்.
பாதிகூட ஆகவில்லை,
ஐந்து கம்பிகளில் சிவப்பு வளையமாய்த் தொங்கியது.
கல்யாணத்துக்கு ஒன்பது வாரம்.

டாக்கிலே தீவில் பின்னுவது ஆண்கள்.
நடந்துகொண்டே, பேரம் பேசிக்கொண்டே,
ஏரியிலிருந்து ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறிக்கொண்டே.
தங்கள் கைகளை அவர்கள் பார்ப்பதில்லை.
நான் பார்ப்பேன்.
உன் பையிலிருந்து எழும் நூல்
பிடரியைச் சுற்றி மார்பில் இறங்கும்,
சிவப்பொன்று, கருநீலமொன்று.
இழுத்துப் பிடிப்பது கழுத்தின் வேலை.
கட்டைவிரல் செய்வதெல்லாம் ஒரு சுண்டு,
சட்டையில் ஒட்டிய எறும்பைத் தள்ளும் அளவு,
நூல் கம்பிமேல் விழுந்துவிடும்.

அந்தச் சுண்டு இப்போது சிம்புக்குள் கிடக்கிறது.

முதல் வாரம் ஆள்காட்டி விரலால் முயன்றாய்.
தோள் காதுவரை ஏறியது,
மணிக்கட்டு கொக்கியாய் மடங்கியது,
கண்ணிகள் கம்பியின் குரல்வளையைப் பிடித்தன;
அடுத்த சுற்றில் முனை நுழையவில்லை.
கம்பிகளைத் திட்டினாய்
(உன் பழைய சைக்கிளின் சக்கரக் கம்பிகள்தாம், பாவம்),
பிறகு ஏரியைத் திட்டினாய்,
பிறகு நான் கொண்டுவந்த உருளைக்கிழங்கை, ஆறிவிட்டதென்று.

எனக்குப் பின்னத் தெரியாது. நெய்கிறவள்.
என் தறியில் விறைப்பைச் சுமப்பவை
தரையில் அறைந்த நான்கு முளைகள்.
நான் குனிந்து வேலையை மட்டும் பார்ப்பேன்.
"உன் முளை எங்கே?" என்றேன்.
கழுத்தைத் தொட்டாய்.
நூல் அங்கே இல்லை.
விரலில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தாய்,
ஒரு விரலின் வேலையை
இன்னொரு விரல்தான் செய்ய வேண்டும் என்பதுபோல.

அவிழ்த்தாய்.
நூல் பிடரிக்குத் திரும்பியது.
தோள் இறங்கியதை நீ கவனிக்கவில்லை.
முழங்கை விலாவோடு வந்து ஒட்டிக்கொண்டது.
விறைத்து நின்ற நூலிடம்
வலக்கைக் கம்பியின் முனையே போனது,
தலையைக் கொஞ்சம் சாய்த்து
அதை அள்ளிக்கொண்டு வந்தது.
விரலே தேவைப்படவில்லை.
மெதுவாகத்தான்.
ஒரு சுற்றுக்கு ஒரு மத்தியானம்.

சிம்பு பிரித்த இரவு
தொப்பியைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயாம்,
தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு.
உன் தம்பி எவாரிஸ்தோ சொல்லிவிட்டான்.
மேலும் கீழும் நின்ற தண்ணீர்
நடுவே ஏழு சுற்றில் மட்டும் வியர்த்ததாம்.
பிரித்துவிடலாமா என்று
விடியும்வரை ஒரு நுனியைத் தேடினாயாம்.

பிரிக்கவில்லை.
இன்று அது உன் தலையில் இருக்கிறது,
எல்லோரும் பீர் ஊற்றிக்கொண்டு ஆடுகிறார்கள்,
யாரும் எண்ணப் போவதில்லை.
நான் எண்ணினேன், இரண்டு முறை.
ஒருமுறை ஆறுதான் வந்தது.